அத்தியாயம் 7: காலையில் கோட்டே, பிற்பகலில் கல்வெட்டு

கல்விச் சுற்றுலா என்றால் நம் பாடசாலைகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்குவது. பாராளுமன்றம், நூதனசாலை, மிருகக்காட்சிசாலை, விமான நிலையம், காலிமுகத்திடல் என்று அத்தனையையும் ஒரே பகலில் தொட்டுவிட்டு, பொழுதுபட மறுபடி பஸ் ஏறுவது. திரும்பி வந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சிங்கத்தையும் இறால் வடையையும் சொல்லும். பாராளுமன்றம் எப்படி இருந்தது? "பெரிசா இருந்தது, ரீச்சர்."

நானும் முதல் தடவை அப்படித்தான் கூட்டிப்போனேன். இரவு முழுக்கப் பாட்டும் கூத்துமாக வந்த பிள்ளைகள், பாராளுமன்றப் பார்வையாளர் கலரியின் குளிரில் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே பாதுகாப்புப் பரிசோதனையில் ஒரு மணித்தியாலம் போயிருந்தது. பலருடைய பைக்குள் கணிதப் பெட்டி, அதற்குள் கூர் முனைக் கவராயம். ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. பிழை பிள்ளைகளுடையதல்ல. பை கொண்டுவர வேண்டாம் என்று சொல்லாதது நான்.

அந்த நாளுக்குப் பிறகு இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன்: காலையில் பாராளுமன்றம், பிற்பகலில் கொழும்பு தேசிய நூதனசாலை. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ தரம் 10, 11 மாணவர்களைக் கூட்டிவரும் ஆசிரியரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கொழும்புப் பாடசாலைகள் பயணப் பகுதியை மட்டும் தள்ளிவிட்டு வாசிக்கலாம்.

ஏன் இந்த இரண்டும்?

ஒன்றின் கதை மற்றதற்குள் கிடப்பதால்.

பாராளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்ற பெயரின் கடைசிச் சொல் நம்முடைய கோட்டைதான். 14ஆம் நூற்றாண்டில் அமைச்சர் அழகக்கோனார் அங்கே கோட்டை எழுப்பியது யாழ்ப்பாண அரசின் படையை மறிப்பதற்காக. சுற்றிலும் சதுப்பும் தியவன்னா ஓயாவும் கிடந்தது அவருக்கு வசதியாயிற்று. அடுத்த நூற்றாண்டில் கோட்டே மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய செண்பகப் பெருமாள் அங்கிருந்து போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். சில காலம் அங்கே ஆண்டுவிட்டுத் திரும்பி வந்து புவனேகபாகு என்ற பெயரில் கோட்டே அரியணை ஏறினான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த மண் அந்நியமானதல்ல. பழைய சம்பந்தமுள்ள மண்.

இனி நூதனசாலை. அங்கே காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் காணிக்கைகளைச் சொல்லிப் பொறிக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தது சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பற்படை. அதே செங் ஹேயின் படைதான் 1411ஆம் ஆண்டளவில் கோட்டேயில் புகுந்து, அழகக்கோனார் வழிவந்த ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோனது. காணிக்கைக் கல்லும் போர்க் கப்பலும் ஒரே கை அனுப்பியவை.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள். குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதட்டும்: "இங்கே பேசுகிறவர் யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எந்த மொழியில்?" கலரியிலும் இதே கேள்வி, கல்வெட்டின் முன்னும் இதே கேள்வி. இருபது வினாக்கள் கொண்ட பயிற்சித் தாளைக் கொடுத்தால் பிள்ளை தாளைப் பார்க்கும்; சபையைப் பார்க்காது.

எட்டு வாரத்துக்கு முன்: திகதியும் கடிதமும்

முதலில் திகதி. பாராளுமன்றம் எல்லா நாளும் கூடுவதில்லை. வழக்கமாக மாதத்தில் இரண்டு வாரங்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை அமர்வு நடக்கும்; காலை 9.30க்குத் தொடங்கும். அமர்வு நாட்காட்டி பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. அமர்வில்லாத நாளில் போனால் கட்டடத்தை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் வெறும் கதிரைகளைத்தான் பார்ப்பீர்கள். அமர்வு நாளில் நேரம் நெருக்கும். விவாதம் கேட்கக் கிடைக்கும். என் தெரிவு அமர்வு நாள்தான். போயா தினம், தவணைப் பரீட்சை, ஊர்க் கோயில் திருவிழா மூன்றையும் பார்த்துவிட்டு இரண்டு மாற்றுத் திகதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிதம். பாடசாலைக் குழுக்கள் படைக்கலச் சேவிதரிடம் அனுமதி கேட்க வேண்டும். சபையின் ஒழுங்குக்கும் கலரிகளுக்கும் பொறுப்பானவர் அவர். செங்கோலைத் தோளில் ஏந்திச் சபாநாயகருக்கு முன்னால் நடந்து வருபவரும் அவரே. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்ற பழைய பயத்தில் பல அதிபர்மார் யாரையாவது பிடித்து ஆங்கிலக் கடிதம் எழுதுவிக்கிறார்கள். தமிழ் 1987இல் 13ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை 1988இன் 16ஆம் திருத்தம் தெளிவாக்கிற்று. குடியியற் பாடம் தொடங்குவது இந்தக் கடிதத்தில்தான். வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டே திருத்துவியுங்கள். ஒரு மாதிரி:

"படைக்கலச் சேவிதர் அவர்கள், இலங்கைப் பாராளுமன்றம், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே.
ஐயா, எமது பாடசாலையின் தரம் 11 மாணவர் ... பேரும் ஆசிரியர் ... பேரும் குடியியற் கல்வி, வரலாறு ஆகிய பாடங்களின் களப்பயணமாகப் பாராளுமன்ற அமர்வைப் பார்வையிட விரும்புகிறோம். ... ஆம் திகதி எமக்கு உகந்தது, இயலாவிடின்... அல்லது ... ஆம் திகதியும் பொருந்தும். பெயர்ப் பட்டியலும் பஸ் விவரமும் இணைக்கப்பட்டுள்ளன. தமிழில் விளக்கமளிக்கக்கூடிய உத்தியோகத்தர் ஒருவரை ஒழுங்கு செய்து தந்தால் நன்றியுடையோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேளாதுவிட்டால் யாரும் ஊகித்துச் செய்யமாட்டார்கள்.

பெயர்ப் பட்டியலில் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எடுத்திருந்தால் அதன் இலக்கம். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் பட்டியலிலும் வரவேண்டும். அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்த மூன்று பிரதிகள் எடுங்கள்: ஒன்று அனுப்ப, ஒன்று கையில், ஒன்று பஸ் சாரதியிடம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பெண்பிள்ளைகள் இருந்தால் பெண் ஆசிரியர் ஆகியவை மற்றச் சுற்றுலாக்களுக்கு உள்ளபடியே. அவற்றின் மாதிரிகள் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ளன.

நூதனசாலைக்கும் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். பாடசாலைச் சீருடையில் குழுவாக வருவோருக்கான கட்டணத்தையும் மூடும் நாட்களையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். சில கூடங்கள் திருத்த வேலைக்காக மூடியிருக்கக்கூடும். நீங்கள் பார்க்கவேண்டிய, கீழே சொல்லும் நான்கு பொருட்களின் பெயரைச் சொல்லிக் கேட்பது புத்தி.

போகுமுன் மூன்று பாடவேளை

முதலாவது பாடவேளை, எண். சபையில் 225 ஆசனங்கள். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். 29 பேர் தேசியப் பட்டியல். அந்த 196இல் மாகாணத்துக்கு 4 வீதம் 36. மீதி 160 பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பங்காகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே கரும்பலகையில் நான்கு எண்களை எழுதுங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள்: 1989இல் 11, 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. ஏன் குறைந்துகொண்டே வருகிறது? பதிலைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து வெளிநாடு போன பெரியப்பா, சித்தி, மாமாவை எண்ணினாலே போதும். ஆசனம் என்பது கதிரை மட்டுமல்ல என்று அப்போது விளங்கும். மட்டக்களப்பு, திருகோணமலை, நுவரெலியா ஆசிரியர்கள் தங்கள் மாவட்டத்தின் எண்களைத் தேடி எழுதலாம். வேறொரு கதை வெளிவரும்.

இரண்டாவது, வரலாறு. 1931இல் இலங்கையில் 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே சர்வசன வாக்குரிமையின்படி நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. அந்தத் தேர்தலை யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் அழைப்பில் வடக்கு பகிஷ்கரித்தது. கொடுத்த சுயாட்சி போதாது, முழு விடுதலை வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பகிஷ்கரித்தது சரியா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். அன்று வாதாடிய பிள்ளை கலரியில் தூங்காது.

மூன்றாவது, சொல். அமர்வில் காதில் விழப்போகும் சொற்கள் பத்திரிகைத் தமிழிலும் அரிதாகவே வரும். முன்கூட்டியே பழக்கவேண்டியவை:

ஒழுங்குப் பத்திரம்: அன்றைய வேலைகளின் பட்டியல். முதல்நாளே இணையத்தில் பார்த்து, எந்த விவாதம் நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

வாய்மூல விடைக்கான வினாக்கள்: உறுப்பினர் கேட்க, அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் நேரம். காலையில் வரும். பிள்ளைகளுக்கு மிக எளிதில் பிடிபடுவது இதுதான்.

சட்டமூலம்: இன்னும் சட்டமாகாத வரைவு.

கூட்டநடப்பெண்: சபை நடக்கத் தேவையான ஆகக் குறைந்த தொகை. 225 பேர் கொண்ட சபைக்கு 20.

ஒழுங்குப் பிரச்சினை: சபையின் நடைமுறை விதியான நிலையியற் கட்டளை மீறப்படுகிறது என்று ஒருவர் இடைமறித்து எழுப்புவது. சத்தம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

ஒத்திவைப்புப் பிரேரணை: அன்றைய அமர்வு முடியுமுன் ஒரு பொதுவிடயத்தைப் பேச எடுப்பது.

ஹன்சார்ட்: சபையில் பேசிய ஒவ்வொரு சொல்லின் அச்சுப் பதிவு. இதற்குத் திரும்பி வந்தபின் வேலை இருக்கிறது.

பையில் என்ன, பஸ்ஸில் என்ன

பாராளுமன்றத்துக்குள் பை கொண்டுபோக வேண்டாம். இது இந்த அத்தியாயத்தின் ஆக முக்கியமான வாக்கியம். கைத்தொலைபேசி, கமரா, கத்தரிக்கோல், கவராயம், தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு எல்லாம் பஸ்ஸிலேயே இருக்கட்டும். பிள்ளையின் கையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம், ஒரு பேனா, கழுத்தில் பெயரட்டை. குறிப்புப் புத்தகத்தையும் கலரிக்குள் விடுவார்களா என்று வாசலில் கேளுங்கள்; வேண்டாம் என்றால் வாதாடாமல் வைத்துவிட்டு, வெளியே வந்ததும் பத்து நிமிடம் எழுதவிடுங்கள். 1987 ஓகஸ்ட் 18இல் இதே கட்டடத்துக்குள் ஒரு கூட்டத்தில் கைக்குண்டு வீசப்பட்டது. பரிசோதனை ஏன் இவ்வளவு இறுக்கம் என்று முணுமுணுக்கும் பிள்ளைக்கு அதைச் சொன்னால் போதும்.

சீருடை கட்டாயம். கலரியில் குளிர் இருக்கும். உள்ளே ஒரு பெனியன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ்ஸில் தேசிக்காய், சத்திப் பை, முதலுதவிப் பெட்டி, ஒரு வாளி, கொதித்தாறிய தண்ணீர்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் வந்து நேரே பாராளுமன்றத்துக்குப் போகவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதல்நாள் காலையில் புறப்பட்டு, பகலில் ஏ9 வீதியைப் பார்த்துக்கொண்டே வந்து, இரவு தூங்கி எழுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் பாடசாலை மண்டபமோ கோயில் மண்டபமோ முன்கூட்டிக் கேட்டால் கிடைக்கும். ஓர் இரவுச் செலவு கூடும். மிருகக்காட்சிசாலைச் சீட்டுக் காசை அதற்கு மாற்றுங்கள்.

அன்றைய நேர ஒழுங்கு

5.30 எழும்புதல், குளிப்பு. 6.45 இடியப்பமும் சம்பலும். 7.30 புறப்பாடு, கொழும்புக் காலை நெரிசல் கோட்டேக்குள் போகும் வீதிகளில் கடுமை. 8.45 வாசல். 9.30 முதல் 10.45 வரை கலரி. பிறகு கட்டடம் பார்த்தல், 11.45க்கு வெளியேறுதல். 12.30 விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலில் சோற்றுப் பார்சல், பக்கத்திலேயே நூதனசாலை. 1.30 முதல் 3.30 வரை நூதனசாலை. 4.15 காலிமுகத்திடல்: இறால் வடைக்கும் இடமுண்டு, பாடத்துக்கும் இடமுண்டு. அங்கே தூண்கள் வரிசையிட்ட பழைய கட்டடத்தைக் காட்டுங்கள். 1930இல் திறந்தது, 1931இன் அரசாங்க சபையும் 1947 முதல் 1982 வரை பாராளுமன்றமும் கூடியது அங்கேதான். இன்று ஜனாதிபதி செயலகம். வெறுமையாகக் கிடந்த அந்த நான்கு ஆசனங்கள் இந்தச் சுவர்களுக்குள் இருந்தவை.

பாராளுமன்றத்தில்: காது வேலை செய்யும் இடம்

பஸ் தியவன்னாவைக் கடக்கும்போதே பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். நீர் நடுவே ஒரு தீவு. அதில் செப்புக் கூரைகள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1979இல் பொறுப்பேற்றார்; 1982 ஏப்ரல் 29இல் திறப்பு விழா நடந்தது. நடுவில் பெரிய மண்டபம், சுற்றிலும் சிறியவை. கூரையின் சாய்வைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பழைய கண்டிக் காலத்து மண்டபங்களின் சாயல் அது. சதுப்பைத் தோண்டித்தான் இன்று காணும் ஏரி உண்டானது. அழகக்கோனார் நம்பிய அதே நீர், இப்போது அலங்காரமும் காவலுமாக.

கலரியில் நுழைந்ததும் மூன்றைக் கண்டுபிடிக்கட்டும். சபாநாயகரின் ஆசனம், அவருக்கு வலப்பக்கம் அரசாங்கம், இடப்பக்கம் எதிர்க்கட்சி. இரு பகுதியும் எதிரெதிரே பார்த்தபடி இருப்பது ஆங்கிலேயர் வழக்கம். பிறகு செங்கோல். சுதந்திரத்துக்குப் பின் 1949இல் பிரித்தானிய மக்கள் சபை அன்பளிப்பாகக் கொடுத்தது. கருங்காலித் தண்டு, வெள்ளியும் பொன்னும் பதித்தது. அது சபையில் இல்லாமல் அமர்வு நடவாது.

கலரியில் கைதட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, விளிம்பில் சாயக் கூடாது, கீழே தெரிந்த உறுப்பினருக்குக் கைகாட்டக் கூடாது. கடைசியானது மிகக் கடினம். நம் ஊர் உறுப்பினரைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட பிள்ளை நேரில் கண்டதும் கை தானாக எழும். முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். உறுப்பினர் சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். மூன்றுக்கும் உடனுக்குடன் உரைபெயர்ப்பு உண்டு. ஒருவர் தமிழில் எழுந்து பேசும்போது எதிரே இருப்பவர்கள் காதில் கருவியை மாட்டுகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலர் மாட்டுவார்கள், சிலர் பக்கத்தவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழ் உறுப்பினர் சிங்களத்திலும் சிங்கள உறுப்பினர் தமிழில் இரண்டு வாக்கியமும் பேசுவதுண்டு. அப்போது சபையின் முகம் மாறுவதைக் காணலாம். பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: யார், யாரைப் பார்த்து, எந்த மொழியில். பேச்சின் பொருள் முழுக்க விளங்காவிட்டாலும் குற்றமில்லை.

வெளியே வந்ததும் கேட்கும் முதற்கேள்வி எனக்கு மனப்பாடம்: "ஏன் ரீச்சர் இவ்வளவு கதிரை காலியா இருக்கு?" சமாளிக்காதீர்கள். கூட்டநடப்பெண் 20 என்று வகுப்பில் சொன்னதை நினைவூட்டுங்கள். அரச நிறுவனங்களையும் அரச கணக்குகளையும் ஆராயும், கோப், கோபா என்று செய்தியில் கேட்கும் குழுக்கள் இதே கட்டடத்தின் வேறு அறைகளில் கூடுவதுண்டு என்றும் சொல்லுங்கள். பிறகு, அது போதுமான காரணமா என்று அவர்களையே கேளுங்கள். சபையில் கூச்சல் நடந்தாலும் அப்படியே. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால் அது நல்ல அடையாளம். "எங்கட வகுப்பு இதைவிடத் திறம்" என்று ஒரு குரல் வரும். வரட்டும்.

நூதனசாலையில்: நான்கு பொருள் போதும்

1877 ஜனவரி 1இல் திறந்த வெள்ளைக் கட்டடம். தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சி. முன்னால் நிற்கும் சிலை அவருடையது. கட்டிமுடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கேட்டதற்கு, வெள்ளிக்கிழமையில் நூதனசாலையைத் திறக்காதிருந்தால் போதும் என்று அவர் சொன்னார் என ஒரு கதை சொல்வார்கள்.

எல்லாக் கூடத்தையும் பார்க்க முயன்றால் எதையும் பார்க்கமாட்டீர்கள். பிள்ளைகளை நான்கு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவையும் ஒரு பொருளின் முன் இருபது நிமிடம் நிறுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் விளக்கப் பலகையை வாசிக்கக் கூடாது; பார்க்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் வரைய வேண்டும், அழகு முக்கியமல்ல. பிறகு பலகை. பிறகு குழு மாறாமல் ஒருவர் மட்டும் நின்று அடுத்த குழுவுக்கு விளக்க, மற்றவர்கள் நகரட்டும்.

முதலாவது, மும்மொழிக் கல்வெட்டு. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்ட தேனாவரை நாயனாரை வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியில் பேசுகிறது. ஆனால் மூன்றிலும் காணிக்கை ஏறக்குறைய ஒன்றே: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பேசுகிறவர் ஒருவர், கேட்பவர் மூவர், ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழி, அவரவர் தெய்வம். காலையில் பார்த்த உரைபெயர்ப்போடு ஒப்பிடட்டும். ஒரு மாணவி ஒரு தடவை சொன்னாள்: "அங்கே ஒருவர் பேசினதை மூன்று மொழியாக்கிறாங்கள், இங்கே மூன்று பேருக்கு மூன்றாகவே எழுதியிருக்கு." அந்த வேறுபாட்டை நான் அதுவரை யோசித்ததில்லை. எழுத்து தேய்ந்திருக்கும், தமிழ்ப் பகுதியில் ஓரிரு சொற்களாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கண்டி மன்னரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அனுப்பிய பரிசு. கடைசியாக இதில் அமர்ந்தவர் நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்ப, 1832இல் அங்கேயே இறந்தார். சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்து போய், 1934இல் குளோஸ்டர் கோமகன் கையால் திரும்பி வந்தன. காலையில் பிள்ளைகள் பார்த்த செங்கோலும் அந்நியர் கொடுத்த பரிசு. இந்தச் சிம்மாசனமும் அந்நியர் கொடுத்த பரிசு. இரண்டும் ஏன் அப்படி? இருபது நிமிடத்துக்கு இந்த ஒன்று போதும்.

மூன்றாவது, பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகள். 11ஆம் நூற்றாண்டில் சோழர் அங்கிருந்து ஆண்டார்கள். அவர்கள் போன பின்பும் சிவாலயங்கள் நின்றன. அந்தச் சிவாலயங்களில் தோண்டி எடுத்த நடராசர், நாயன்மார், காரைக்கால் அம்மையார் இங்கே. கோயிலில் பட்டும் பூமாலையும் மறைக்கத் தெய்வத்தைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள், வார்ப்பின் விலா எலும்பையும் விரல் நுனியையும் முதன்முதலாக இங்கேதான் காண்பார்கள். கும்பிட நினைக்கிற பிள்ளை கும்பிடட்டும்; தடுக்க வேண்டாம். தொடமட்டும் வேண்டாம்.

நான்காவது, கண்டிப் பிரபு லெவ்கேயின் பீரங்கி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடி எடுத்துப்போனது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருட்களோடு கொழும்புக்கு வந்தது. பரிசாக வந்த சிம்மாசனத்தையும் கொள்ளைபோய் மீண்ட பீரங்கியையும் அருகருகே வைத்துப் பேசலாம்: இரண்டும் ஒல்லாந்தர் கைபட்டவை, இடையில் எழுபத்திரண்டு ஆண்டு.

நேரம் மிஞ்சினால் மட்டும் மற்றக் கூடங்கள்.

இடையூறு வந்தால்

சபை திடீரென ஒத்திவைக்கப்பட்டால்: கட்டடம் பார்ப்பதை முன்னுக்கு எடுங்கள். ஏன் ஒத்திவைத்தார்கள் என்று உத்தியோகத்தரிடம் பிள்ளைகளே கேட்கட்டும். அதுவும் பாராளுமன்றப் பாடம்தான்.

வாசலில் ஒரு பெயர் பட்டியலில் இல்லையென்றால்: எல்லோரையும் வெயிலில் நிறுத்தாமல் ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு நிற்க, மற்றவர்கள் உள்ளே போகட்டும். பிள்ளையைத் தனியே பஸ்ஸில் விடவேண்டாம்.

பிள்ளை தவறிப்போனால்: பெயரட்டையின் பின்பக்கம் பொறுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருப்பீர்கள் அல்லவா? எழுதுங்கள். ஒவ்வொரு ஏறல் இறங்கலிலும் எண்ணுங்கள். எண்ணுவது ஆசிரியர், தலையாட்டுவது மாணவத் தலைவர் என்று வைக்காமல், இருவரும் தனித்தனி எண்ணி ஒத்துப்பாருங்கள்.

மழை வந்தால்: பூங்காவை விட்டு, சோற்றுப் பார்சலைப் பஸ்ஸுக்குள்ளேயே. வாளி எதற்கென்று அப்போது விளங்கும்.

திரும்பி வந்தபின்

பயணம் முடிவது பஸ்ஸிலிருந்து இறங்கும்போதல்ல. நீங்கள் போன நாளின் ஹன்சார்ட் சில நாட்களில் இணையத்தில் வரும். அதைத் தரவிறக்கி, நீங்கள் கலரியில் இருந்த அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தின் பக்கங்களை மட்டும் அச்செடுங்கள். பேச்சு எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். தமிழ்ப் பகுதியைப் பிள்ளைகள் வாசிப்பார்கள். சிங்களப் பகுதிக்கு இரண்டாம் மொழி ஆசிரியரைக் கூப்பிடுங்கள்; ஒரு பக்கமாவது சேர்ந்து பெயர்க்கட்டும். தாங்கள் காதால் கேட்டது ஹன்சார்ட்டில் எப்படி வந்திருக்கிறது, எந்தக் கூச்சல் பதிவாகவில்லை, எந்த இடைமறிப்பு பதிவாகியிருக்கிறது என்று தேடும்போது வகுப்பறை சந்தையாகும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் மாணவர் பாராளுமன்றம் கூடும்போது ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: வாய்மூல வினா நேரம் ஒன்று. மலசலகூடத் தண்ணீர், நூலகம் திறக்கும் நேரம், விளையாட்டு மைதானத்து வேலி பற்றி ஒரு மாணவர் கேட்க, பொறுப்பான மாணவ அமைச்சர் எழுந்து பதில் சொல்லவேண்டும். பேசியதை இரண்டு பேர் எழுதி, பாடசாலை அறிவித்தல் பலகையில் ஹன்சார்ட் என்று ஒட்டட்டும். அதிபர் வாசிப்பார்.

கடைசியாக நன்றிக் கடிதம். படைக்கலச் சேவிதருக்கு ஒன்று, நூதனசாலைக்கு ஒன்று. இம்முறை கரும்பலகையில் நீங்கள் எழுதவேண்டாம். முதற் கடிதத்தைத் திருத்திய அதே பிள்ளைகள் தமிழில் எழுதுவார்கள். என்ன பார்த்தோம், என்ன விளங்கவில்லை, எதைக் கேட்க மறந்தோம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பிரதியொன்றைப் பாடசாலைக் கோப்பில் வையுங்கள்; அடுத்த வருடம் போகிற ஆசிரியர் இந்த அத்தியாயத்துக்கு முன் அதைத்தான் வாசிக்க வேண்டும்.